கழிமுகத்தில் தொடங்கிய சண்டை

என் ரூத் அக்காவுக்கு,

நாளைக்கு எனக்குத் திடப்படுத்தல், சபையில் முழு அங்கமாகச் சேர்த்துக்கொள்ளும் ஆராதனை. பேராயர் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எழுந்து நின்று, சபை முழுக்கக் கேட்க, "விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். உன் வெள்ளைத் தாவணியை அம்மா எனக்காக இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள்.

நீ காய்ச்சலில் கிடந்தபோது சபையே உபவாசம் இருந்தது. நானும் இருந்தேன். அப்படியும் நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு நான் ஜெபம் பண்ணவில்லை அக்கா. வீட்டு ஜெபத்தில் கண்ணை மட்டும் மூடிக்கொள்வேன். உள்ளே ஒன்றும் இருக்காது. கோபம்கூட வரவில்லை என்பதுதான் பயமாக இருந்தது.

போன ஞாயிறு அம்மாவிடம் சொல்லிவிட்டேன், நான் எழுந்து நிற்கப் போவதில்லை என்று.

"பேரு கூப்ட்டு நீ எழும்பலன்னா சபை இன்னா பேசும்? பொண்ணு போனதும் ஆண்டவரையும் வுட்டுட்டாங்கன்னு பேசாதா?"

அப்பா அப்போதுதான் ஹார்பர் வேலை முடிந்து வந்திருந்தார். "வுடு. பொய் சொல்லிகினு நிக்கறதுக்கு ஒக்காந்தே இருக்கட்டும்" என்றார். அன்றிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை. மூலைக்கடையில் ஒரு ரூபாய் போன் வைத்தாகிவிட்டது. ஊரே பேசுகிறது, நம் வீடுதான் ஊமையாகிவிட்டது.

தாங்க முடியாமல் இன்று காலை முகத்துவாரக்குப்பத்துக்கு, என் வகுப்புக் கலா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தேசம்மா அத்தை கழிமுகத்தில் இறால் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். நாங்களும் இறங்கினோம். தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் துழாவ வேண்டும். இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லால் கவ்விக்கொள்கிறார்கள். நானும் ஒன்றைக் கவ்விக்கொண்டேன். யாராலும் பேச முடியாது. ஆனால் அந்த அமைதி நம் வீட்டு அமைதி மாதிரி இல்லை. அக்கரையில் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் கொக்குகள். பாடப் புத்தகத்தில் முகத்துவாரத்துக்கு ஒரே ஒரு வரிதான்.

கடல் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கலா கரைக்குத் திரும்பினாள். நான் எழுந்து ஒரு காலை எடுத்தேன். மற்றது வரவில்லை. இழுக்க இழுக்க முழங்கால்வரை புதைந்தது. தண்ணீர் மார்புக்கு வந்தது; கழுத்துக்கு வந்தது. கத்த வேண்டுமென்றால் பறியை விட வேண்டும். பயத்தில் பல் இறுகிவிட்டது.

அப்போது உள்ளே கேட்டது, என் குரல்தான்: "அவளை ஏன் எடுத்தீர்? நாங்கள் அழுதது உமக்குக் கேட்கவில்லையா? இப்போது நானுமா?"

ஒரு நீர்க்காகம் என் முகத்துக்குப் பக்கத்தில் முங்கி, மீனோடு எழுந்தது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விரலிடுக்கில் இறால்கள் துள்ளின. சுற்றி எல்லாம் உயிரோடு இருந்தது. நீ போன பிறகு முதல் முறையாக, நானும் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதையும் ஆண்டவரிடமே சொன்னேன்.

"காலை இஸ்காதடி, இன்னும் பொதையும்! தண்ணி மேல படு, அப்டியே மல்லாந்து படு!" அத்தை பறியைத் துப்பிவிட்டுக் கத்திக்கொண்டே பாய்ந்து வந்தார். சாய்ந்தேன். தண்ணீர் என்னைத் தூக்கியது, கால் கழன்றது. என் சடையைப் பிடித்தே கரைக்கு இழுத்தார்.

"எறா புடிக்க வந்தியா, எறாவுக்குத் தீனியா வந்தியா?" என்றாள் கலா.

"சும்மா இருடி. புள்ள வெளிறிப் போயிகீது."

என்னைக் காப்பாற்றியது அத்தை. இல்லை, ஆண்டவர்தான் என்றால், உன்னை ஏன் தூக்கவில்லை? தெரியவில்லை அக்கா. ஆனால் இல்லாத ஒருவரிடம் யாராவது இப்படிச் சண்டை போடுவார்களா?

வீட்டில் அம்மா என் தலையிலிருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவினாள்.

"நாளைக்கு எழும்புறேம்மா."

கை நின்றது. "சபைக்குப் பயந்தா?"

"இல்ல. ஆனா அக்காவ ஏன் எடுத்தீருன்னு கேட்டுகினேதான் இருப்பேன்."

அம்மா ஒரு சொம்பு தண்ணீரை என் தலையில் ஊற்றினாள். "நான் மட்டும் இன்னாடி பண்றேன், தினம் அதத்தானே கேக்குறேன்" என்றாள்.

நாளை எழுந்து நிற்பேன் அக்கா, சத்தமாகச் சொல்வேன். பிறகு முழங்காலில் நின்று உன்னைப் பற்றிக் கேட்பேன். பின்வரிசையில் அம்மாவும் அதையே கேட்டுக்கொண்டிருப்பாள். பதில் வரும்வரை ஆண்டவரை விட மாட்டோம்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
எஸ்தர்