நடக்காத கல்யாணம்

அன்புள்ள அம்மா,

உங்கள் கையை முத்தமிட்டு நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். அங்கே துருக்கியில், நம் கைசேரியில் குளிர் எப்படி? நான் இங்கே ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் நலம்.

போன வெள்ளி தொலைபேசியில், கல்யாண எபிசோடின் முன்னோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, "நம்ம சீரியல்ல கல்யாணம் அமர்க்களம்லம்மா?" என்றேன். "பொண்ணு தேவதைடா, அழுதுட்டேன்" என்றீர்கள். திங்களன்று தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் துர்காய் சிரித்தான்: "எந்தக் கல்யாணம்டா? மாப்பிள்ளைய வாசல்லயே சுட்டுட்டாங்களே!"

ஐந்து வருட இழுவை சலித்து, ஆறு மாதமாக நான் பார்ப்பதில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமைகளில் பேச வேறென்ன இருக்கிறது என்றுதான் மறைத்தேன். நீங்களும் பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது. உங்களுக்கும் சலிப்பா? சர்க்கரை கண்ணைப் பாதிக்கும் என்று டாக்டர் சொன்னாரே, அதுவா?

ஷிஃப்ட் மணி அடிக்கிறது. பதிலை அண்ணியிடம் சொல்லி எழுதவைக்க வேண்டாம். உங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் மகன்,
செர்ஹாத்