தம்பியின் முழங்கை

அன்புள்ள கண்ணு,

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம இருக்கணும். இங்க நானும் அப்பாவும் ஏதோ நடமாடிக்கிட்டு இருக்கோம். போன்ல சொல்ல ஆரம்பிச்சா பாதியிலயே வச்சிடறேன், அதான் எழுதறேன். தம்பி பெயிண்ட் அடிக்கறப்ப சாரத்துலேர்ந்து விழுந்ததுல நொறுங்கின வலது முழங்கை சேரவே இல்ல, உள்ள சீழ் வச்சதால செயற்கை மூட்டும் வைக்க முடியாதாம். எலும்ப ஒட்டிடணும், அப்புறம் மடக்கவோ நீட்டவோ முடியாதுன்னுட்டார் டாக்டர். எனக்குப் புரியற மாதிரி பொறுமையாத்தான் சொன்னார், தோள்பட்டை கிண்ணத்துக்குள்ள பந்து மாதிரி எந்தப் பக்கமும் சுத்துமாம், கழுத்து முளையில மாட்டின மாதிரி திரும்புமாம், முழங்கை வெறும் கதவுக் கீலாம், திறக்கும் மூடும் அவ்வளவுதான். அந்தக் கீல் எந்த நிலையில நிக்கணும்னு நீங்களே சொல்லுங்கன்னார்.

தம்பி யோசிக்கவே இல்ல. நீட்டியே வைங்க, பெயிண்டர் கை செவுத்துக்கு எட்டணும்னான். முதல்ல பழகிப் பாருன்னு அதே மாதிரி கட்டுப் போட்டு அனுப்பினாங்க. வந்ததும் பிரஷ்ஷ எடுத்து ஹால் செவுத்துல இழுத்துக் காட்டினான், கோடு நேரா வந்துச்சு, உங்கப்பா சிரிச்சத ரொம்ப நாளைக்கப்புறம் பார்த்தேன். சாப்பிட உக்காந்தப்பதான் கை வாய்க்கு எட்டல. இடது கையால அள்ளினா பாதி மடியில. அவன் பொண்ணு சின்னக்குட்டி விளையாட்டுன்னு நினைச்சு, அப்பா ஆ காட்டுன்னு ஊட்டி விட்டுட்டுக் கைதட்டிச் சிரிக்கறா. இவனும் சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கிட்டான். அப்புறம் எழுந்து போய்க் குளியலறைக் குழாயத் திறந்து விட்டுட்டு உள்ளயே நின்னான். மருமக கூடவே போகப் பார்த்தா, நான்தான் வேணாம்னேன். மறுநாள் டாக்டர்கிட்ட மடக்கியே வச்சிடுங்கன்னான். ஆபரேஷனுக்கு உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால கட்டப் பிரிச்சாங்க, அப்ப பல்லக் கடிச்சுக்கிட்டு அந்தக் கையக் கொஞ்சம் நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டிப் பார்த்தான். பெத்தவ நான் பார்த்துக்கிட்டு நின்னேன் கண்ணு.

இப்ப புண் ஆறிடுச்சு. கான்ட்ராக்டர் மேற்பார்வை வேலைக்குக் கூப்பிடறார், இவன் நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கான். நீ முழங்கால் வலின்னியே, அசட்டையா விடாத, படி ஏறும்போது கைப்பிடியப் பிடிச்சுக்க. மாப்பிள்ளைய விசாரிச்சேன்னு சொல்லு. ரெண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருங்க. மறக்காம தம்பிக்குப் போன் பண்ணு. கை எப்படி இருக்குன்னு மட்டும் கேக்காத, வேற எதையாவது பேசு, பழைய மாதிரி சண்டையாவது போடு. போன் காதுக்கு எட்டுது. பேசத்தான் ஆள் வேணும்.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கற
அம்மா