இல்லாத நட்சத்திரங்கள்

நவம்பர், செவ்வாய் இரவு

என் சாந்த்ராகாச்சி ரயில் யார்டு ராத்திரிப் படத்தைப் போட்டோ கிளப் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். நான் எடிட் பண்ணியிருக்கிறேனாம். ஷட்டரை நாலு நிமிஷம் திறந்தே வைத்தால் கேமரா சென்சார் சூடாகிப் படமெங்கும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி விழும். லென்ஸை மூடி இன்னொரு நாலு நிமிஷம் எடுத்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் பதியும். அதை முதல் படத்திலிருந்து கழித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"ரெண்டு படத்தைச் சேர்க்கக் கூடாது, கார்த்திக். ரூல்" என்றார் கிளப் செக்ரட்டரி சுபீர்தா.

"சேர்க்கலை சுபீர்தா, கழிச்சிருக்கேன்."

"அப்போ கழிக்காததைக் கொடு. நட்சத்திரம் நல்லாத்தானே இருக்கு."

அந்தப் புள்ளிகள்தான் நட்சத்திரமாம். இந்தப் புகையில் அங்கே ரெண்டு தெரிந்தாலே அதிசயம். ஒரு புள்ளி சிக்னல் கம்பத்தின் மேலேயே விழுந்திருக்கிறது. கம்பத்துக்கு முன்னால் எந்த நட்சத்திரம் வந்து நிற்கும்?

"முதல் தடவையா உன் படம் சுவத்துல ஏறுது, கொடுத்துட்டுப் போயேன்டா" என்றார் அப்பா, சாப்பிடும்போது. எனக்கு மட்டும் ஆசையில்லையா? ஆனால் பொய்யை மாட்டி, அதன் கீழே என் பேரா?

சுபீர்தாவுக்கு 'முடியாது' என்று அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டார். 'டைப்பிங்' என்று வருகிறது, நிற்கிறது, மறுபடி வருகிறது. எதை வேண்டுமானாலும் டைப் பண்ணட்டும், நான் தூங்கப்போகிறேன்.