மோட்டார் போடுறேன்!

ஜூன் 4

மறுபடியும் இணைப்பு போய்விட்டது, தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே. என் திரையில் இருபது பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யாராவது பார்த்து எழுதுகிறார்களா என்று கேமரா வழியாகக் கவனிப்பதுதான் என் வேலை. மாமனார் தண்ணீர் மோட்டார் போட்டார். விளக்கு மங்கியது, மோடம் அணைந்தது, இருபது பேருக்கும் தேர்வு நின்றது. எட்டு நிமிடம்!

இது இரண்டாவது முறை. இன்னொரு முறை நடந்தால் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள். மேலாளர் அம்மா நயமாகத்தான் சொன்னார். அந்த நயம்தான் எரிகிறது. ஐம்பத்திரண்டு வயதில், எத்தனையோ இடத்தில் "சொல்லி அனுப்புறோம்" கேட்ட பிறகு கிடைத்த வேலை இது.

ஜூன் 5

இந்த வீட்டில் சுவிட்சைத் தொடுவதற்கு முன் கத்த வேண்டும். மாமா, அதாவது என் மாமனார், போட்ட சட்டம். "மோட்டார் போடுறேன்!" என்று ஒருவர் கத்தினால், இஸ்திரி போடுகிறவர் பெட்டியை அணைத்துவிட்டு "போடுங்க!" என்று பதிலுக்குக் கத்த வேண்டும். வீடா, ரயில் நிலையமா? நேற்று தேர்வுக்கு நடுவில் நான் எப்படிக் கத்துவது? பதில் வராததால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாராம்.

ஒயரிங்கை மாற்றிவிடலாம் மாமா என்று இன்று நேராகவே கேட்டேன். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர்; முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் தன் கையாலேயே போட்ட ஒயரிங். அப்போது வீட்டில் இருந்தது நான்கு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு ரேடியோ.

"என்ன குறை இதுல? மூணு வருஷமா ஒரு ஃப்யூஸ் போயிருக்கா? சொல்லும்மா, போயிருக்கா?"

போகவில்லைதான். உள்ளே வந்து பாத்திரங்களை டமடமவென்று அடுக்கினேன்.

ஜூன் 7

இஸ்திரிப் பெட்டியின் பிளக் தொட முடியாத சூடு. கருகல் நாற்றம். என் வீட்டுக்காரரிடம் சொன்னால் "அப்பாகிட்ட சொல்லேன்" என்கிறார். அப்பா யாருக்கு?

ஜூன் 9

எலக்ட்ரீஷியனை நானே கூப்பிட்டுவிட்டேன். மாமா மெயின் போர்டுக்குக் கீழேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார், என்னவோ கோட்டைக்குக் காவல் மாதிரி.

வந்தவர் மெயினை அணைத்து ஃப்யூஸ் கட்டையை உருவினார். அதில் தலைமுடி போல ஒரு மெல்லிய கம்பிதான் இருக்க வேண்டும். பளு கூடினால் அது உருகி அறுந்து வீட்டைக் காப்பாற்றும். இருந்ததோ முறுக்கி முறுக்கிச் சுற்றிய தடித்த செம்புக் கம்பி.

"யாரு சார் இதைப் போட்டது? வீடே எரிஞ்சாலும் இது அறுந்திருக்காது. உள்ள பாருங்க, ஒயர் தோலெல்லாம் கருகி உதிருது."

"அப்பா, நீங்களா இப்படி?" என்றார் இவர்.

மாமா ஃப்யூஸ் கட்டையை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போனார். மதியம் சாப்பிட வரவில்லை.

நான்தான்.

நானேதான் போட்டேன். மூணு வருஷம் முன்னாடி, இவங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்குப் போயிருந்தப்போ, ஒரே நாள்ல மூணு தடவை ஃப்யூஸ் போச்சு. கோபத்துல பழைய டேபிள் ஃபேன் ஒயரை உரிச்சு, உள்ள இருந்த கம்பியைச் சுத்தி மாட்டினேன். இனிமே போ பார்க்கலாம்னு சவால் வேற. அது போகவே இல்லை. நான் மறந்தும் போனேன்.

நாள் முழுக்கப் பிள்ளைகளின் திருட்டைப் பிடிக்கிறவள் நான். இன்று என் வாய் ஏன் திறக்கவில்லை?

ஜூன் 10

காலையில் காபி கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். இவரும் அங்கேதான் இருந்தார். வேண்டுமென்றேதான் அவர் இருக்கும்போது சொன்னேன். மாமா கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி ஆறியிருப்பேன்.

"அறுந்தாத்தானேம்மா நான் திறந்து பார்ப்பேன்? நீ அறுக்கவே விடல. நான் பாட்டுக்கு என் ஒயரிங் தாங்குதுன்னு பார்க்கிறவன்கிட்டல்லாம் பெருமை அடிச்சிக்கிட்டு இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆத்திரப்பட வேறு யாரும் மிச்சமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "பென்சில் இருந்தா குடு" என்றார்.

ஜூன் 13

புது ஒயரிங்குக்காகச் சுவர் முழுக்க மாமா போட்ட பென்சில் கோடு. எந்த ஒயர்க் குழாய் எங்கே வளைகிறது, எங்கே ஒயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸைப் பூசி மூடியிருக்கிறது, எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறது. எலக்ட்ரீஷியன் இரண்டு இடத்தில் நம்பாமல் வெட்டிப் பார்த்து, அசடு வழிந்து, இப்போது அவரைக் கேட்காமல் உளியைத் தொடுவதில்லை. வீடெல்லாம் தூசி. இந்த வாரத் தேர்வுகளை வேறொருத்தியிடம் மாற்றிவிட்டேன். இவர் தும்மலோடு தும்மலாக என்னைக் குறை சொல்கிறார். சொல்லட்டும், அது எனக்கு வேண்டியதுதான்.

ஜூன் 21

மோட்டாருக்குத் தனி லைன், இஸ்திரிக்குத் தனி, என் மேஜைக்குத் தனி. எர்த் கம்பியும் வந்துவிட்டது. ஃப்யூஸ் கட்டை போய், பளு கூடினால் தானாக விழும் சுவிட்சுகள். "இதுல யாரும் கம்பி சுத்த முடியாது" என்றார் மாமா, என்னைப் பார்க்காமல்.

ஜூன் 24

முதல் தேர்வு. முக்கால் மணி நேரம் நன்றாகவே போனது. அப்புறம் பின்கட்டிலிருந்து ஒரு குரல்: "மோட்டார் போடுறேன்!"

இனிமேல் கத்தவே வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியாயிற்று! ஒலிவாங்கி வேறு திறந்திருந்தது. இருபது தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்துபோய் இரண்டு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். மோட்டார் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. என் பதில் வராமல் அவர் சுவிட்சில் கை வைக்கவில்லை.

"போடுங்க மாமா!" என்று கத்தினேன்.

மோட்டார் ஓடியது. விளக்கு அசையவில்லை. பிள்ளைகளைக் குனிந்து எழுதச் சொன்னேன்.