இந்த வருடம் வீட்டுக்குள் கேட்ட பாட்டுகள்

என் ரதி அக்காவுக்கு,

வருடம் முடிகிறது. நீ இருந்திருந்தால் இப்போது கட்டிலில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, இந்த வருடத்தின் நல்ல அல்பம் எது, நல்ல மேடை எது என்று என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருப்பாய். நான் சொன்னதை நீ ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. இந்தமுறை மறுத்துச் சொல்ல ஆளில்லை.

அல்பங்களில் எனக்கு முதலாவது, வவுனியாவில் ஒரு பெண் தன் அறைக்குள்ளேயே கிற்றாரோடு பாடிப் பதிவுசெய்தது. மின்விசிறியின் சத்தம்கூடப் பாட்டுக்குள் கேட்கிறது. "இதென்ன, நித்திரை கொள்ளவோ?" என்று நீ கேட்டிருப்பாய். மலையகப் பெடியன்கள் தப்பு மேளமும் ராப் பாட்டும் சேர்த்துச் செய்ததில் மட்டும் இருவரும் ஒத்துப்போயிருப்போம். ஆனாலும் நான் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த அறைப் பாட்டைத்தான். நானும் ஓர் அறைக்குள்தானே இருக்கிறேன்?

மட்டக்களப்பில் கச்சேரி பார்த்துவிட்டு நீ திரும்பிய வான் வண்டி வெருகல் வீதியில் புரண்டு, நீ இல்லாமல் போனதிலிருந்து அம்மா என்னை எங்கேயும் விடுவதில்லை. மருந்துக்கடை வேலை, அது முடிய வீடு. கொஞ்சம் பிந்தினால் போன். நிலாவெளிக்கு ஒரு நல்ல பாட்டுக் குழு வந்தது, போகவில்லை. கட்டாரிலிருந்து பேசும் அப்பாவும், அம்மாவின் மனதை நோகடிக்காதே என்பதோடு நிறுத்திவிடுகிறார். நம் ஊர் வீதிகளில் திரியும் மான்கள்கூட பஸ் நிலையம் வரை தம்பாட்டில் போய்வருகின்றன. கோபம் வருகிறது அக்கா. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரோடு எப்படிக் கோபிப்பது?

நீ கடைசியாகப் பார்த்த அந்தக் குழு, அன்றைய கச்சேரியையே அல்பமாக வெளியிட்டது. பல நாட்கள் அதைத் திறக்க மனம் வரவில்லை. ஒரு ஞாயிறு மத்தியானம், அம்மா குசினியில் சமைத்துக்கொண்டு நிற்க, காதில் மாட்டிக் கேட்டேன். ஒரு பாட்டு முடிந்து, சனம் கைதட்டி ஓயும்போது ஒரு விசில். இரண்டு விரலை வாயில் வைத்து, கடைசியில் மேலே வளைத்து விடுகிற விசில். வேறு யாருக்கு அப்படி வரும்? அதற்குப் பின்னால் உன் சிரிப்பு.

அம்மாவிடம் சொல்வதா, விடுவதா? மாதக்கணக்காக எனக்குள்ளேயே வைத்திருந்தேன். பிறகு அதே குழு டச்சுக்குடாக் கடற்கரைக்கு ஒரு பின்னேர நிகழ்ச்சிக்கு வருவதாகத் தெரிந்தது. சாப்பிடும்போது மெல்லக் கேட்டேன்.

"எனக்கெண்டு இனி இருக்கிறது நீ ஒருத்திதான். ஏலாது பிள்ளை," என்றார் அம்மா.

நான் போனை அம்மாவின் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்து, அந்த விசில் வரும் இடத்தைப் போட்டேன்.

அம்மாவின் கையில் சோறு காய்ந்தது. "அவள் சந்தோசமாத்தான் நிண்டிருக்கிறாள், என்ன?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா."

"இன்னொருக்காப் போடு."

அதற்குப் பிறகும் என்னைத் தனியே விடவில்லை. தானும் வந்தார். கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு, பிளாஸ்ரிக் கதிரையில், என் மணிக்கட்டைப் பிடித்தபடி இருந்தார். ஸ்பீக்கர் நெஞ்சில் இடிக்கும்போதெல்லாம் பிடி இறுகியது. எல்லோரும் எழும்பி ஆடினார்கள். கைதட்ட எனக்கு ஒரு கைதான் மிச்சம், தொடையில் தட்டினேன். இந்த வருடத்தின் நல்ல மேடை எதுவென்றால் இதைத்தான் சொல்வேன். வேறொன்றும் பார்க்கவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும்.

ஓட்டோவில் வரும்போது, "வடிவாத்தான் பாடுறாங்கள்," என்றார். அவர்கள் மாசியில் மட்டக்களப்பில் பாடப்போகிறார்களாம் என்று உடனே சொல்லிவிட்டேன். அம்மா துறைமுக வெளிச்சங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா, அந்தக் கச்சேரிக்கு நான் போவேன். ஒளித்துப் போகமாட்டேன். அம்மா வாசல் படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாலும், சொல்லிவிட்டு, பகல் பஸ்ஸில், வெருகல் வழியாகத்தான் போவேன். அந்த இடம் வரும்போது கண்ணை மூடமாட்டேன். எனக்கும் அந்த வீதியை நினைத்தாலே பயம்தான். அம்மா மறிக்கிறார், அம்மா மறிக்கிறார் என்று சொல்லிச் சொல்லி, அதை இதுவரை உனக்குக்கூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

உன் ஒரே தங்கச்சி,
வாணி