அவள் கையின் அளவு

பாப்பாவின் அப்பாவுக்கு அன்பு வணக்கம்.

நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? பாப்பா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

நேற்று எங்கள் பட்டறையைப் பார்க்க ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் வந்தார்கள். பெண் மெக்கானிக் நான் ஒருத்திதான் என்பதால் சுற்றிக்காட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டிக் காட்டினேன். பட்டனை அழுத்தினால் ஓடவில்லை. மறுபடி திறந்து ஒவ்வொரு வயராகப் பார்த்தேன், வியர்த்துவிட்டது. கடைசி வரிசையில் நின்ற ஒருத்தி மெதுவாக, "அக்கா, மொதல்ல மெயின் சுவிட்ச அணைச்சுப் பூட்டுனீங்களே, அத இன்னும் தொறக்கல" என்றாள். வேலை நடக்கும்போது வேறு யாரும் போட்டுவிடக் கூடாதென்று நாங்கள் பூட்டுவது வழக்கம். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

"தப்பு பண்ணா திட்டமாட்டாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தப்பு எங்கன்னு கண்டுபிடிக்கிறதுதான்மா இங்க வேலையே. இப்ப நீ செஞ்சியே, அது."

டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டாள் என்று பாப்பாவிடமிருந்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி வைத்ததாக எழுதியிருந்தீர்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொடச் சொல்லுங்கள், போதும். அவள் மாட்டி முடிக்கும்வரை அட்டையால் வீசிக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

எங்கள் கையுறைகள் அந்தப் பிள்ளைகளுக்குத் தொளதொளவென்று இருந்தன. பாப்பாவுக்குப் பொருத்தமாக ஒரு ஜோடி வாங்கப் போனேன். கடைக்காரர் அளவு கேட்டார். சொல்லத் தெரியாமல் திரும்பிவிட்டேன். அவள் கையை ஒரு தாளில் விரித்து வைத்து, சுற்றிப் பேனாவால் வரைந்து அனுப்புங்கள்.

பட்டறைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. அந்தத் தாளை மட்டும் மடிக்காமல் அனுப்புங்கள்.

உங்கள் மெக்கானிக்