இறக்கிவிடாத இரண்டு வருடம்

மார்ச் 4

கண்ணாடிக் கடையில் ஒரு சட்டத்துக்கு லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தேன். மழலைப்பள்ளி டீச்சர் போன் செய்தார். என் மகள் பட்டாணியைப் பற்றி.

"மத்த பிள்ளைங்க சறுக்குமர ஏணியில ஏறுறாங்க. இவ கீழ நின்னு கையை நீட்டி 'தூக்கு'ங்கறா. தரையில கிடக்கிற கயித்தைத் தாண்டணும்னாக்கூட எவ்வளவு தூரம் காலை எடுத்து வைக்கணும்னு தெரியல. ஒரு தெரபிஸ்ட்கிட்ட காட்டிருங்களேன்."

நாலு வயதுக் குழந்தை. பயந்த சுபாவம், அவ்வளவுதானே?

மார்ச் 5

போகவில்லை.

மார்ச் 11

நாத்தனார் விடவில்லை, கூடவே வந்தாள். தெரபிஸ்ட் பட்டாணியைக் கண்ணை மூடச் சொல்லி, முழங்காலைத் தொடச் சொன்னார். கை தொடையில் தடவித் தடவித் தேடியது. அதைப் பார்க்க முடியவில்லை என்னால்.

"வீட்ல மாடிப்படி இருக்கா?"

"மூணாவது மாடி. நான் தூக்கிட்டுத்தான் ஏறுவேன்."

"எப்பலேர்ந்து?"

"அவங்கப்பா போனதுலேர்ந்து. ரெண்டு வருஷமா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏறும்போது எந்தக் கையை எங்க வைக்கிறது, கால் எட்டுமா எட்டாதான்னு குழந்தையே யோசிக்கணும். தன் உடம்பு எங்க இருக்குன்னு மூளை அப்படித்தான் கத்துக்குது. உங்க பொண்ணுக்குக் குறை எதுவும் எனக்குத் தெரியல. செஞ்சு பார்க்க வாய்ப்பு கிடைக்கல, அவ்வளவுதான். இப்ப ஆரம்பிச்சாலும் வரும்."

குறை இல்லையாம். அப்படியென்றால் நான்தானா?

மார்ச் 12

பட்டாணியின் அப்பா பெயின்டர். நாலாவது மாடிச் சாரத்தில் பலகை நழுவியது. மறுநாளே நான் வீட்டிலிருந்த முக்காலியை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். கட்டில் காலை அறுத்து மெத்தையைத் தரையோடு சேர்த்தேன். குழந்தை எதன்மேல் கை வைத்தாலும் ஓடிப்போய் வாரி எடுத்தேன். எல்லோரும் 'கண்ணுக்குள்ள வெச்சுப் பார்த்துக்கறா' என்றார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 20

வீட்டு மாடிப்படியில் தானே ஏறவிட்டேன்; மூன்றாவது படியில் பட்டாணி உட்கார்ந்துவிட்டாள். "தூக்கும்மா, தூக்கும்மா" — விக்கி விக்கி அழுதாள். மனசு கேக்கல, தூக்கிட்டேன்.

நாத்தனார் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணன் விழுந்ததுக்கு இவ ஏன் அண்ணி தண்டனை அனுபவிக்கணும்?"

கதவைச் சாத்திக்கொண்டேன். எப்படிச் சொல்லலாம் அவ? எனக்கில்லாத வலியா அவளுக்கு?

மார்ச் 21

அவளுக்கும் அண்ணன்தானே. போன் செய்தேன். இரண்டு பேரும் அழுதோம்.

ஏப்ரல் 2

ஏழு படி. ஆறாவதில் முழங்கால் சிராய்த்தது. பட்டாணி அழவில்லை. நான் அழுதேன்.

ஏப்ரல் 30

பூங்காவில் கயிற்று ஏணி. என் உயரம்கூட இல்லை, கீழே மணல். நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் ஓடிவிடாமல் இருக்க.

பாதி வழியில் பட்டாணி நின்றாள். "அம்மா, கால எங்க வைக்க?"

தொண்டை வரைக்கும் வந்தது, 'இறங்கிடு' என்று. "நீயே பாருடா" என்றேன்.

கால் காற்றில் துழாவியது. ஒரு கயிற்றைத் தொட்டது, பிடிக்கவில்லை, அடுத்ததற்குப் போனது. அந்தச் சின்ன நெற்றியில் அப்படியொரு யோசனையை நான் பார்த்ததே இல்லை. யோசிக்க விட்டேனா நான்?

மேலே இருந்த பலகைத் தட்டில் போய் உட்கார்ந்தவள் கேட்டாள்: "அப்பா இதவிட உசரத்துல இருந்தாராம்மா?"

யார் சொன்னார்கள் இவளுக்கு? நாத்தனாரைப் பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தாள்.

"ஆமாடா."

"அப்பாக்குப் பயமா இருந்துச்சா?"

"தெரியல கண்ணு. நான் கேட்டதே இல்ல."

பட்டாணி திரும்பிக் குப்புறப் படுத்து, ஒவ்வொரு காலாகத் தேடி வைத்துத் தானே இறங்கினாள்.

வரும் வழியெல்லாம் அத்தையோடு முன்னால் நடந்தாள். இடுப்பில் பாரமில்லாமல் எனக்குத்தான் நடை வரவில்லை. மாடிப்படியிலும் அவள் முன்னால் ஏறினாள். நான் இரண்டு படி தள்ளிப் பின்னாலேயே வந்தேன்.